உச்சியில் வைத்த காதுகள்

மெர்ல் ஹாக்கட்டுக்கு மறுபடி காது கேட்கத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை காலை, மகள் டான்சி களிமண்ணில் செய்த அவருடைய தலையில் பென்சிலின் பின்முனையால் காதுத் துளை போட்டபோது. அவர் இளமை முழுவதும் கல் அறுக்கும் ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றே கழிந்தது. டான்சி பிறப்பதற்கு முன்பே இரண்டு காதும் போய்விட்டன. இண்டியானாவின் அந்தச் சுண்ணாம்புக்கல் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். மகளின் குரலைக் கேட்டதில்லை என்பது மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. கீச்சென்ற மெல்லிய குரலாக இருக்கும் என்று தாமே ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தார்.

பட்டறை நடந்தது பழைய தீயணைப்பு நிலையத்தில். நடத்தியவள் வெர்னா கோல் என்ற சிற்பி. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தலையை மற்றவர் களிமண்ணில் செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கண்ணைக் கொண்டுபோய் நெற்றியில் வைப்பார்கள். அது வெர்னாவுக்குப் பழகிப்போன தப்பு. டான்சி காதையே உச்சந்தலைக்கு ஏற்றிவிட்டாள். துளை போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "அய்ய, அப்பா பூனையாட்டம் ஆயிட்டாரு" என்றாள். மெர்ல் அதைக் கேட்டார். கரகரவென்று, தொண்டை கட்டியது போன்ற கனத்த குரல். எழுந்து போய், கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் அழுதார்.

கேட்டது அவருடைய காதுகள் அல்ல, மண் தலையின் காதுகள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அது தெளிவாகிவிட்டது. மனைவி ரோவீனா தட்டை வைத்த சத்தம் கேட்கவில்லை. பட்டறை அலமாரியில் இருந்த தலைக்குப் பக்கத்தில் வெர்னா ஆப்பிள் கடிப்பது கேட்டது. வகுப்பு முடிந்ததும் மண் காயாமலிருக்க அவரவர் தலைமேல் ஈரத்துணி போடுவது அங்கே வழக்கம். அதனால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டது.

புதன்கிழமை மதியம் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. காது புருவத்தில் தொடங்கி மூக்கின் அடியில் முடிய வேண்டும் என்று வெர்னா நல்லெண்ணத்தோடு இரண்டையும் அறுத்தெடுத்து உரிய இடத்தில் ஒட்டியிருந்தாள். சனிக்கிழமை டான்சி அவற்றைப் பிய்த்து மறுபடி உச்சியில் வைத்துத் துளை போட்டாள். மெர்ல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெர்னா அவரையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, அவரு காது, அவரு இஷ்டம்" என்றாள்.

ஆனால் மண் காயக் காய மகளின் குரல் தேய்ந்தது. எந்நேரமும் ஈரத்துணிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சுட்டால்தான் நிலைக்கும். சுட வேண்டுமென்றால் உள்ளே குடைய வேண்டும். காற்றுக்குமிழி ஒன்று மிஞ்சினாலும் சூளையில் தலை வெடித்துப்போகும், குரலும் அதோடு சரி. எல்லாருடைய தலையையும் காதுக்கு மேலே கம்பியால் அறுத்து, மூடிபோலத் திறந்து குடைவார்கள். இந்தத் தலையில் காதுக்கு மேலே அறுக்க இடமே இல்லை. கழுத்துவழியாக டான்சி தன் சின்னக் கையை விட்டுக் கரண்டியால் சுரண்டினாள். "எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்று மெர்ல் ஊருக்கே கேட்கும்படி கேட்டார். "தெரியலப்பா, கை எட்டுற வரைக்கும் எடுத்தேன்."

மெர்ல் சூளையின் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். முதலில் மண்ணைவிட்டு நீர் போகும் சத்தம், சட்டியில் பட்டாணி பொரிவதுபோலக் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வெடித்துவிட்டதா, உள்ளே கேட்க எதுவும் இல்லையா என்று தெரியவில்லை. ஆறும் முன்பு திறந்தால் விரிசல் விடும் என்று வெர்னா மறுநாள்வரை யாரையும் கதவைத் தொடவிடவில்லை. அந்த இரவு பயந்ததுபோல் அவர் என்றும் பயந்ததில்லை. திறந்தபோது தலை முழுசாக இருந்தது. இடது காதின் நுனி மட்டும் உதிர்ந்திருந்தது. டான்சி அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தலையைத் தொட்டாள்.

"அப்பா, இன்னும் சூடா இருக்கு."

"கையச் சுட்டுக்காத" என்றார் மெர்ல்.

தலை சமையலறை ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. ரோவீனாவுக்குத்தான் சிரமம். "இத்தனை வருஷமா உங்க முதுகுக்குப் பின்னாடி திட்டி நிம்மதியா இருந்தேன், அதுக்கும் வேட்டு வெச்சுட்டீங்களே ரெண்டு பேரும்" என்றாள், வேண்டுமென்றே உச்சிக்காதில். தேவாலயத்துக்கு மெர்ல் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். பாதிரியார் அதற்கும் சேர்த்து வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டார்.

டான்சி வளர்ந்து சிகாகோவில் வேலைக்குப் போனபோது மெர்ல் தலையைக் கம்பளிச் சட்டைகளுக்குள் சுருட்டி அவள் பெட்டியில் வைத்தார். "என் சத்தம் எங்கடி கேக்கும் அவருக்கு?" என்று ரோவீனா கொஞ்சம் அழுதாள். பிறகு, அவர் தன் உதட்டைப் பார்த்தால் போதும் என்று சமாதானமானாள். அன்றிலிருந்து அவர் கேட்பதெல்லாம் மகளின் மேம்பால ரயில், அவளுடைய படிக்கட்டு, அவளுடைய கெட்டில். யாராவது அவளைப் பார்க்க வந்தால் தலைமேல் துணி போட்டுவிடுவாள். சுட்ட மண்ணுக்குத் துணி தேவையில்லை, பட்டறைப் பழக்கம். உடனே மெர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டு புல் வெட்டப் போய்விடுவார். "இருட்டுல என்ன புல்லு?" என்பாள் ரோவீனா. "துணி போட்டுட்டா" என்பார்.

காலையில் துணி விலகும். "அப்பா, கேக்குதா?" என்பாள் டான்சி, அந்தக் கரகரத்த குரலில். மெர்ல் இங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "கேக்குதும்மா" என்பார். அந்தப் பதில் சிகாகோவுக்குப் போகாது. அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கே எந்தச் சத்தமும் இருக்காது. பிறகுதான் அவள் காபி ஊற்றிக்கொள்வது கேட்கும்.