டேங்கின் உட்பூச்சு

அயோவாவில் எங்கள் ஊர் விமான ஓடுதளம் வெறும் புல்தரைதான். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. தாங்களே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் சிலர் அங்கே கொட்டகை போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலைகளில் அவர்களுக்குப் பான்கேக் சுட்டுப் போடுகிறவள் நான். அதனால் நடந்ததை அடுப்புப் பக்கமிருந்தே பார்த்தேன், கண்ணுகளா.

டெல்மரின் தங்கை நோரீனைக் கட்டியவன் ஆர்லோ. மச்சான்மார் இருவரும் சேர்ந்து இரண்டு இருக்கை விமானம் ஒன்று கட்டினார்கள். பெயின்ட் அடிக்கிற அன்று, என்ன நிறம் என்பதில் சண்டை ஆரம்பித்து, அப்பன் பாட்டன் வரை போனது. விமானம் ஆர்லோவிடமே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஆர்லோ சோளம் போடுகிறவன். சோளத்திலிருந்து இறக்கிய எத்தனால் என்ற சாராயம் கலந்த கார் பெட்ரோலையே போன மாதத்திலிருந்து விமானத்துக்கும் ஊற்றினான். அன்றைக்கு நோரீனை முதல்முறையாக ஏற்றிப் பறக்கப் போகிறான். அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று.

டெல்மர் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தான். அதில் போட்டிருந்த கோடு வரை தண்ணீர் விட்டு, ஆர்லோவின் கேனிலிருந்து பெட்ரோலை மேலே ஊற்றிக் குலுக்கினான். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ள, தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறி நின்றது.

"கண்டுபிடிச்சிட்டாரு விஞ்ஞானி," என்றான் ஆர்லோ. "என் வயல்ல விளைஞ்சது. உனக்கு எங்க மச்சான் எரியுது?"

"ரப்பரையெல்லாம் தின்னுடும்."

"எல்லா ஹோஸும் மாத்தியாச்சு. கார்புரேட்டர் மிதவைகூட மாத்தியாச்சு. போய்ப் பான்கேக்க தின்னு."

ஆர்லோ சொன்னது சரிதான். நின்றவர்கள் தலையாட்டினார்கள். டெல்மர் மட்டும் நகரவில்லை.

"டேங்க்?"

"அலுமினியத்துக்கு என்ன கேடு?"

"உள்ள பூச்சு இருக்கு. நான் டேங்க் செஞ்சப்ப அடியில கசிஞ்சுது. சீலன்ட் பசைய ஊத்திச் சுழட்டி அடைச்சேன். எத்தனால் பட்டா அது உரிஞ்சு வரும்."

"ஒரு சொட்டு கசியலன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணினியே."

"பண்ணினேன்."

"புளுகுறான், நோரீன். நம்மள பறக்க விடக் கூடாதுன்னே வந்திருக்கான்."

நோரீன் பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். அந்த விமானத்தில் பாதி ரிவெட் ஆணி அவள் அடித்ததுதான். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, இன்ஜினுக்குக் கீழே இருந்த வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகி எடுத்தாள். டேங்கிலிருந்து உரிந்த பூச்சு, சல்லடையில் பால் ஏடு மாதிரி வெள்ளைத் தோலாக ஒட்டியிருந்தது. பாதிக்கு மேல் அடைத்துவிட்டது. சோளக்காட்டுக்கு மேலே போனதும் இன்ஜின் நின்றிருக்கும்.

அதை இரண்டு பேர் முகத்துக்கும் நேராக நீட்டினாள்.

"நான் பெல்ட் போடுற வரைக்கும் உனக்கு வாய் வரலையாண்ணா?"

"இப்ப சொன்னேன்ல."

"சொல்லாம இருந்திருந்தா கொலை," என்றான் ஆர்லோ. "சொல்லிட்டன்னு உன்ன கும்பிடணுமா? வெளிய போடா."

"நீங்க மட்டும் என்ன?" என்று நோரீன் அவன் பக்கம் திரும்பினாள். "சொன்னது அவன்ங்கறதால நம்பாம என்னை ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க."

கிண்ணத்தைப் புல்லில் வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். தட்டை நீட்டினேன், வாங்கவில்லை.

மறு வாரம் ஆர்லோ அந்த டேங்கைக் கழற்றி டெல்மர் கொட்டகை வாசலில் போட்டுவிட்டுப் போனான். டெல்மர் அதை எடுக்கவில்லை, பக்கவாட்டுக் கதவு வழியாகவே வந்து போகிறான். புது டேங்கோடு ஆர்லோ பறக்கத்தான் செய்கிறான். பக்கத்து இருக்கை காலி.