ஷைலா பனி காட்டிய நாள்

என் மகள் ஷைலா ஐஸ்லாந்தில் ஓட்டல் அறை துடைக்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. கூட வேலை செய்கிற பெண்களோடு காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு கிளம்பியவள், ஒவ்வொரு பனிமலையாக நிறுத்தி நிறுத்தி எங்களுக்குப் போனில் காட்டிக்கொண்டே போனாள். இங்கே பர்மாவில், எங்கள் பசுந்தாங்கில் சாயங்காலம். மூன்றாவது மாடியில் நாங்கள் மூன்று பேரும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பார்த்தோம்.

மூன்று பேர் என்றால் நான், என் புருஷன் ஆரோக்கியநாதன், மகன் டேனி. பட்டாளத்துக்குக் கட்டாயமாக வரச்சொல்லி டேனியைத் தேடி ஆள் வந்து போனதிலிருந்து, அவன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பின்னறையை விட்டு அவனை வெளியே விடுவதில்லை. தும்மினால்கூட வாயைப் பொத்துவேன். அன்று மட்டும், பாவம், அக்கா முகத்தைப் பார்க்கட்டும் என்று கூடத்துக்கு வரவிட்டேன்.

"டேனி, பாருடா! வீடு சைசுல ஐஸ்!"

"தள்ளி நில்லுக்கா, உள்ள விழுந்து தொலைக்கப் போற."

ஏரியில் நீலமும் வெள்ளையுமாகப் பாறை பாறையாகப் பனி மிதந்தது. திடீரென்று ஒன்று படாரென்று பிளந்து தலைகீழாகப் புரண்டது. அங்கே பெண்கள் கூச்சல் போட்டார்கள். இங்கே டேனி கைதட்டிச் சிரித்தான். எத்தனை மாதம் ஆயிற்று அவன் சிரித்து!

அப்போதுதான் மணி அடித்தது. எங்கள் பக்கத்து மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். வந்தவர் கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். கயிற்று நுனிக் கிளிப்பில் சாவியை மாட்டி இறக்கினால் அவரே கீழ்க்கதவைத் திறந்துகொண்டு வருவார். அது குடிதண்ணீர்க்காரர் வரும் நேரம். எட்டிப் பார்க்காமல் சாவியை இறக்காதீர்கள் என்று இந்த மனுஷனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். போன் பக்கம் கழுத்தைத் திருப்பியபடியே இறக்கிவிட்டார்.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் டேனி எழுந்து ஓடினான். சமையலறையிலேயே மடக்கிவிட்டார்கள், நாசமாய்ப் போனவன்கள். துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தார்கள். பல் தரையில் தெறித்தது.

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். அடுப்பில் கொதித்த பருப்பைச் சட்டியோடு தூக்கி முன்னால் நின்றவன் மேல் வீசினேன். அவன் அலறினான், எனக்கு இரக்கமே வரவில்லை. இன்னொருவன் என் முடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். அவன் கையைச் சதை பிய்யக் கடித்தேன்.

ஆரோக்கியநாதன் கும்பிட்டுக்கொண்டே குறுக்கே விழுந்தார். "ஸயா, ஐயா, பிள்ளையை விடுங்க, என்னைக் கொண்டுபோங்க" என்று பர்மியில் கெஞ்சினார். கிழவனை வைத்து என்ன செய்ய என்று ஒருவன் சிரித்தபடி அவர் மணிக்கட்டில் ஏறி மிதித்தான். எலும்பு முறிந்தது. என்னை அடித்த அடியில் செத்தேன் என்றே நினைத்திருப்பார்கள். டேனியைக் காலைப் பிடித்துப் படிகளில் இழுத்துக்கொண்டு போனார்கள். "அம்மா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டான்.

போன் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. ஷைலா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா! டேனி எங்கம்மா?"

"கொண்டுபோயிட்டானுங்கடி."

"நான் வரேன். இப்பவே டிக்கெட் போட்டு வரேன்."

"வரட்டும் ஜூடித், அவளாவது வரட்டும்" என்று ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார் என் புருஷன். எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவளை அரித்தெடுத்தவள் நான்தான். ஆனால் பட்டாளச் சட்டத்தில் பெண்களைப் பிடித்துக்கொண்டு போகவும் வயது போட்டிருக்கிறது. ஷைலாவுக்கு அந்த வயதுதான்.

"வந்தே, நானே உன் காலை ஒடிச்சுப் போடுவேன்" என்றேன். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. "அங்கேயே கல்யாணம் பண்ணிக்க, அங்கேயே கிட. நான் செத்தாக்கூட வராதே. கேட்டியாடி?"

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். சரிம்மா என்று அவள் வாயால் சொல்கிற வரைக்கும் நான் போனை விடவில்லை.