வைமேரேயின் கூந்தல்

மோயாவின் கையில் கத்தரிக்கோலைப் பார்த்ததும் தூரியா சித்தி, தொடுத்துக்கொண்டிருந்த பூவைப் பாயிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னடி பண்ணப்போறே?"

"முடிய வெட்டப்போறேன் சித்தி. அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

"செத்தவ தலையில கத்தரிக்கோல் வைப்பாளா ஒருத்தி? ஊரு உலகமே பாத்த முடிடி அது!"

வைமேரே வெள்ளை உடையில் கட்டிலில் கிடந்தாள். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. முற்றத்தில் ஈரப்பலா மரத்தடியில் ஆண்கள் அவளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பது வயதில், பசிபிக் கடலிலுள்ள அவர்களுடைய ஹுவாஹினே தீவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படத்தில் அவள்தான் நாயகி. மாலுமி ஒருவனைக் காதலித்துக் கடலில் விழுந்து சாகிற பெண். அந்த ஒரு படம்தான். வசனத்தைக்கூட வேறு யாரோ ஒருத்தி பேசியிருந்தாள். திரையில் அவளுடையதென்று எல்லோரும் நினைவு வைத்திருந்தது இடுப்புக்குக் கீழே புரண்ட கூந்தலைத்தான். அதற்குப் பிறகு நாற்பது வருடம், கப்பல் வரும் நாளெல்லாம் ஓட்டல்காரர்கள் அவளைப் படகுத்துறையில் நிற்கவைத்தார்கள். வருகிறவர்களுக்கு மாலை போட வேண்டும், முடியை அவிழ்த்துவிட்டுப் படம் எடுக்க நிற்க வேண்டும். நரை தெரிந்தபோது சாயமும் அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

மோயாவுக்கு ஐந்து வயதானபோது அந்தப் படத்தைத் தேவாலயக் கூடத்தில் போட்டார்கள். திரையில் அம்மா கடலில் விழுந்ததும் அவள் வீறிட்டாள். "இங்கதானே இருக்கேன், என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று மடியிலிருந்தவளை வைமேரே இறுக்கிக்கொண்டாள். கூடமே சிரித்தது. மோயா திரையைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"எப்போடி சொன்னா?" என்றாள் தூரியா.

"போன வாரம், குளிப்பாட்டுறப்ப. 'தலை கனக்குதுடி, இதோட என்னைப் புதைச்சிடாதே'ன்னா."

"அப்பவே வெட்டியிருக்கலாமே?"

"கேட்டேன் சித்தி. 'வெள்ளிக்கிழமை கப்பல் வருதே'ன்னா."

வைமேரே படுக்கையில் விழுந்து, துறைக்குப் போகாமலாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

வெளியே பெண்கள் தாழ்ந்த குரலில் துதிப்பாட்டைத் தொடங்கினார்கள். தூரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அக்காவின் தலையை இரண்டு கையாலும் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"கோணாம வெட்டு. கோணலா இருந்தா அவளுக்குப் பிடிக்காது."

கத்தரிக்கோல் மழுங்கல். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறுத்தது. கடைசிப் பிடியும் விழுந்தபோது பிடரி தெரிந்தது. வெயிலே படாத தோல், குழந்தையுடையதுபோல வெளுத்திருந்தது. நடுவே மிளகளவு ஒரு மச்சம்.

"இது எப்பவுமே இருந்துச்சா?"

தூரியா எட்டிப் பார்த்தாள். "சின்ன வயசுல பாத்தது. மறந்தே போச்சுடி."

மோயா குனிந்து, அதன்மேல் ஒட்டியிருந்த மயிர்த்துணுக்குகளை மெல்ல ஊதிவிட்டாள்.