முதுகுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்

பிச்சாட்டூர் அணைக்கரையில் ஒரு சண்டைப் படம் எடுத்தார்கள். நடுநடுவே சிரிப்பும் காதலும் உண்டு என்றார்கள். அங்கே லைட் பிடித்துக்கொண்டிருந்த நான் பார்த்த காதல் கேமராவுக்கு வெளியே நடந்தது.

விஜயபுரத்துக் குணாவுக்கு அச்சு அசல் ஹீரோவின் முதுகு. அதனால் டூப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஹீரோ வசனம் பேசுவார், குணா குதிப்பான். பஸ் ஸ்டாண்டில் டிபன் கடை வைத்திருக்கும் வேங்கடாசலத்தின் மகள் பவ்யாவைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை, அவளுக்கும்தான். வேங்கடாசலம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“படத்துல மூஞ்சி தெரியணும். முதுகுக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானா?”

மூஞ்சி தெரிந்தால் திருமலையில் மொட்டை போடுவதாகக் குணா வேண்டிக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சினிமாவில் அட்வான்ஸ் கொடுத்தால்தான் எதுவும் நகரும் என்று பார்த்துப் பழகியவன். பெருமாளும் அப்படித்தான் இருப்பார் என்று எண்ணி, அன்று சாயங்காலமே மலையேறி முடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டான்.

மறுநாள் சந்தனத் தலையோடு வந்து நின்றான். டைரக்டர் அந்தத் தலையை ஒருமுறை சுற்றி வந்தார்.

“நேத்து கரையிலேருந்து குதிச்சப்ப முடி இருந்துச்சு. இன்னிக்குத் தண்ணியில விழறப்ப மொட்டையா? நடுவுல எங்கடா போச்சு?”

“ரெண்டு மாசத்துல வளந்துடும் சார்.”

“அதுவரைக்கும் ஹீரோ அந்தரத்துல தொங்கிட்டு இருப்பாரா?”

அதற்கு மேல் திட்ட யாருக்கும் துணிவில்லை. பெருமாளுக்குக் கொடுத்த தலை. விக் வைத்துப் பார்த்தார்கள். காற்று அதைத் தூக்கிப்போய் வேலமரத்தில் மாட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொக்கு அதில் உட்கார்ந்து முட்டையிட்டது. முட்டை வெளிர்நீலம்.

தண்ணீரில் விழ வேறொரு முதுகைத் தேடிக்கொண்டு, குணாவை அடியாளாக்கினார்கள். ஹீரோ அவன் மூஞ்சியில் குத்த வேண்டும். அது குளோசப்பில் வரும். குணா மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். ஹீரோவோ அதுவரை தன் கையால் யாரையும் அடித்தவரில்லை. ஆகவே படாமல் அடிக்கும் வித்தை தெரியாது. எல்லா டேக்கிலும் அடி உண்மையாகவே விழுந்தது.

படம் வருவதற்குள் முடி வளர்ந்து, வீக்கமும் வடிந்திருந்தது. திருப்பதித் தியேட்டரில் குணா, பவ்யா, வேங்கடாசலம் மூவரும் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பின்னால். திரை முழுக்கக் குணாவின் மூஞ்சி. அதன் மேலேயே ‘இடைவேளை’ என்ற எழுத்து வந்து நின்றது. விளக்குகள் எரிந்தன.

“யாரு இவன்?” என்றார் வேங்கடாசலம்.

“நான்தான் மாமா.”

“நீயா? உனுக்குத் தல நெறைய முடி கீது. அவன் மொட்ட, கன்னம் வேற பூரி மாதிரி ஊதிக்கினு கீது. எவன் மூஞ்சியோ காட்டி எம் பொண்ணக் கேக்கிறியா?”

குணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பவ்யா எழுந்தாள். துப்பட்டாவால் அவன் முடியை மறைத்து இறுக்கிக் கட்டினாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கோ,” என்று பிரியமாகச் சொல்லிவிட்டு, இடது கன்னத்தில் ஒன்று விட்டாள். ஹீரோவின் எந்த அடிக்கும் எழாத விசில் அதற்கு எழுந்தது.

வேங்கடாசலம் திரையைப் பார்த்தார், குணாவைப் பார்த்தார்.

“வலது பக்கம் இன்னும் கொஞ்சம் வரணும்மா.”

“சரி நைனா.”

வந்தது.

“அட, இவனேதான்! மாப்ள, பாப்கார்ன் துன்றியா?”

குணாவால் வாயைத் திறக்க முடியவில்லை. சந்தோஷமாகத் தலையை மட்டும் ஆட்டினான்.