கட்டிலின் இரண்டாவது பள்ளம்

மழைக்காரி இறந்து நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் ஆன பின்னும் கட்டிலில் அவள் படுத்த பக்கம் ஆறவில்லை. தையலக்கா வெப்பமானியை மெத்தைமேல் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. மூன்று தடவை வைத்தாள், மூன்று தடவையும் அதே அளவு. இந்தப் பழக்கம் மழைக்காரியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. வானிலை நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவள், மூன்று அளவுகள் ஒத்துப்போகாமல் எதையும் வெளியே சொன்னதில்லை. பெரும்புயலுக்கு முந்தைய நாள் மூன்றாவது அளவு எடுத்த கையோடு ஓடிப்போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கடலோரத் தெருக்கள் இரண்டும் காலியாயின. ஓர் உயிரும் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தால் ஊரே துணியை உள்ளே எடுத்தது.

தையலக்கா அதே வீட்டின் முன்னறையில் துணி தைத்தாள். ஊர் அவளைக் குடியிருப்பவள் என்றது, பிறகு ஒத்தாசைக்கு இருப்பவள் என்றது. அவள் திருத்தவில்லை. முதலில் தன் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்பது மழைக்காரியின் எண்ணம். அண்ணன் வரும் நாளெல்லாம், “இன்னைக்குச் சொல்லிடறேன்” என்பாள். அவர் வந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும், “முகம் சரியில்ல. இன்னும் ஒரு அளவு பாத்துக்கறேன்” என்பாள்.

“புயலை முன்கூட்டியே சொல்லத் தெரியுது, வீட்டுக்குள்ள இருக்கறதைச் சொல்ல இருபத்தாறு வருஷம் பத்தலையா?” என்று தையலக்கா கேலி செய்வாள். மூன்றாவது அளவு எடுப்பதற்குள் மழைக்காரியின் இதயம் நின்றுவிட்டது.

ஊர் அந்த வீட்டை நினைவில்லமாக்கியது. அண்ணன் நல்ல மனிதர். “மெஷின் முன்னறையிலயே இருக்கட்டும்மா, நீ எங்க போவ?” என்றார். படுக்கையறைக்குக் குறுக்கே மட்டும் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்டில், இரண்டு தலையணை, மெத்தையில் இரண்டு பள்ளம். நினைவில்லக் கமிட்டிச் செயலாளருக்கு இரண்டாவது பள்ளம் கண்ணை உறுத்தியது. புது மெத்தை வாங்கிப் போட்டார். மதியத்துக்குள் அதிலும் இரண்டு பள்ளங்கள் விழுந்தன. தேக்குப் பலகை போட்டார்கள். பலகையும் இரண்டு இடத்தில் வழவழவென்று குழிந்தது. தச்சர் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மெத்தையையே திரும்பப் போட்டு, இரண்டாவது பள்ளத்தில் புத்தகங்களை அடுக்கினார்கள். அம்மா புத்தகங்களோடுதான் தூங்குவார் என்று பார்வையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. புத்தகங்கள் தினமும் காலையில் தரையில் இருந்தன. செயலாளர் தினமும் எடுத்து வைத்தார்.

மழைக்காரியின் பக்கம் சூடு குறையவே இல்லை. குளிர்ந்துகொண்டே போனது தையலக்காவின் பக்கம். இரண்டாம் வருடம் அதில் கைவைக்க முடியவில்லை. மூன்றாம் வருடம் உறைபனி படர்ந்தது. முன்னறையில் அவள் விரல்களும் அதே கணக்கில் குளிர்ந்தன. அளவு கொடுக்க வந்த பெண்கள் துள்ளினார்கள். “என்னக்கா, ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்டுட்டு வந்தியா?” டாக்டர் நாடியைத் தேடினார், கிடைக்காததால் ஸ்வெட்டர் போடச் சொன்னார். தெருவில் எதிரே வருபவர்கள் அவளைக் கவனிக்காமல் இடித்துவிட்டு, எதன்மேல் இடித்தோம் என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் ஆவி இருப்பதாகப் பேச்சு வந்தபோது, செத்தவளைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் தலை வாரும்போது கண்ணாடி அவளைக் காட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டது. இருவரில் யார் ஆவி என்று அப்போது புரிந்தது. இன்னொரு வருடம் இப்படியே போனால் கண்ணாடி காட்டாமலே விட்டுவிடும் என்றும் புரிந்தது.

மூன்றாம் நினைவு நாளில் கூட்டம் வாசல்வரை நின்றது. தையலக்கா கதவோரமாக நின்றாள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, “இந்தப் பக்கம் யாரு படுத்தது?” என்று கேட்டாள்.

“புத்தகம்மா” என்றார் செயலாளர்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், “புத்தகத்துக்கு எதுக்குய்யா தலையணை? சொல்லுங்க, யாரு படுத்தது?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி உறைபனியைத் தொட்டார். தொட்ட விரலைப் பார்த்தார். பிறகு, மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாக, தையலக்காவைத் தேடித் திரும்பினார்.

“இது யாரோட இடம்மா?”

மூன்று பேர், ஒரே கேள்வி. தையலக்கா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கினாள். பள்ளத்தில் உட்கார்ந்து, கால்களை மேலே எடுத்து, எப்போதும்போல ஒருக்களித்துப் படுத்தாள். பனி உருகிக் கட்டில் காலோரம் சொட்டியது. யாரோ ஒரு பெண் வாளி கொண்டுவந்து வைத்தாள். குழந்தைக்காரி, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று சற்று ஒதுங்கினாள். மழைக்காரியின் பக்கத்திலிருந்து சூடு மெதுவாகத் தையலக்காவின் முதுகுக்கு வந்தது.

“என்னோட இடம்ணா. நான் உங்க தங்கச்சியோட பொண்டாட்டி.”