பிழையென்று எழுதப்பட்ட தசை

மார்பகப் பரிசோதனைக்கு எடுத்த மேமோகிராமில் ஒரு நிழல் தெரிகிறது, மறுபடி வரவேண்டும் என்று யோகாவுக்குத் தொலைபேசி வந்தது. அன்று மாலை மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினியில் வைத்துக் கணவர் மகேந்திரராஜாவிடம் சொன்னாள். எந்த இடத்தில் என்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிற மனிதர் அவர். "நான் லீவு போடுறன். ரெண்டு பேருமாப் போவம்" என்று மட்டும் சொன்னார். வேறு யாருக்கும் இருவரும் சொல்லவில்லை.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் யாமினி மதுரைக்காரி. திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"கவலைப்படாதீங்க. இது கட்டி இல்ல, தசை. நெஞ்செலும்பு ஓரமா மேலருந்து கீழ ஓடுது பாருங்க. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கும். ஒரு கெடுதலும் இல்ல."

"அது என்னத்துக்கு இருக்கு, டொக்டர்?"

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல."

யோகாவுக்கு நிம்மதி வந்தது, ஆனால் நம்பிக்கை முழுதாக வரவில்லை. திரையில் இருந்தது ஒரு சாம்பல் கீற்று, அவ்வளவுதான். அவள் பரமட்டாவில் ஒரு நிறுவனத்தில் கட்டட வரைபடம் கீறுபவள். கோடாகக் கண்டால்தான் ஒரு பொருள் அவளுக்குப் பிடிபடும்.

"நான் வரைபடம் கீறுற ஆள், டொக்டர். இதை ஆராவது கீறி வச்சிருக்கினமோ?"

யாமினி சிரித்தாள். "எங்க புத்தகத்துல ஒரு வரி இருந்துச்சு, படம் பார்த்த ஞாபகம் இல்ல. சிட்டியில ஒரு லைப்ரரியில ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின உடற்கூறு படங்கள் காட்சிக்கு வச்சிருக்காங்க. அதுல இது இருக்கோ இல்லையோ, படம் வரையறவங்க பார்க்க வேண்டியது." ஸ்கேனின் ஒரு பிரதியையும் யோகாவின் போனுக்கு அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை இருவரும் ரயிலேறிப் போனார்கள்.

முதல் படத்திலேயே யோகா நின்றுவிட்டாள். தோல் உரிந்த மனிதன் ஒருவன் ஒரு மேட்டில் நிமிர்ந்து நிற்கிறான். ஒரு கை நீட்டி யாருக்கோ எதையோ விளக்குவதுபோல. அவனுக்குப் பின்னால் ஆறு, பாலம், தூரத்தில் ஒரு சிறு பட்டணம். அடுத்த படத்தில் அதே மனிதனிடமிருந்து ஒரு படலம் தசை கழன்றிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று. கூரையை எடுத்து, சுவரை எடுத்து, உள்ளே ஓடும் குழாயைக் காட்டுவது அவளுடைய தொழில். இந்தப் படங்களைக் கீறியவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள். ஆனால் அவள் கீறிய எந்தக் கட்டடமும் இப்படி மூச்சுவிடுவதுபோல் நின்றதில்லை.

தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதைக் கண்டதும் அவளுடைய கை தானாக நெஞ்சுக்குப் போனது. அதில் கீறியிருந்த மனிதனின் வலது மார்பில், நெஞ்செலும்பின் ஓரமாக, ஒரு ஒடுங்கிய பட்டிபோல அந்தத் தசை ஓடியது.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ."

மகேந்திரராஜா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே இருந்த குறிப்பை வாசித்தார். இத்தாலி, பதினாறாம் நூற்றாண்டு. மார்பில் நெடுக்காக உள்ள தசை ஓவியரின் பிழையாக இருக்கலாம், விலங்கு ஒன்றின் உடலைப் பார்த்துச் சேர்த்திருக்கக்கூடும் என்று அதில் எழுதியிருந்தது.

"பிழையில்லையே. சொல்லவேணும்."

"விடுங்கோ. ஆக்கள் நிக்கினம்."

அவர் விடவில்லை. நேரே மேசையடிக்குப் போய், அங்கிருந்த நூலகர் மார்கரெட்டிடம், தன் மனைவியின் நெஞ்சில் இதே தசை இருக்கிறது என்று ஆங்கிலத்தில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யோகாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் கணவரின் முதுகைப் பார்த்தபோது, இவ்வளவு நாளும் அவர் எவ்வளவு பயந்துபோய் இருந்தார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மார்கரெட் எழுந்து வந்து ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி ஸ்கேனைப் பார்த்தாள். "யாரோ எப்போதோ எழுதியதைத்தான் நாங்களும் திருப்பி எழுதிவந்திருக்கிறோம்" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. யாமினியின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இது அந்தத் தசைதான் என்று யாமினி பதில் எழுதினாள். பல்கலைக்கழக உடற்கூற்றுத் துறையினரும் பார்த்துவிட்டு, இது கண்ணால் கண்டு கீறியதாகவே தெரிகிறது என்றார்கள். பழைய குறிப்பை எடுத்துவிட்ட கையோடு மார்கரெட் இருவரையும் மறுபடி அழைத்தாள்.

இந்த முறை தாள் கண்ணாடிக்குள் இல்லை, மேசைமேல் விரித்திருந்தது. யோகா உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக் குனிந்தாள். மற்றத் தசைகளின் கோடுகள் குறுக்காக ஓட, இந்த ஒன்றின் கோடுகள் மட்டும் நெடுக்காக ஓடுகின்றன என்று கணவரிடம் சொன்னாள். அந்தத் தசையின் விளிம்பில் மயிரிழை அகலத்தில் ஒரு நிழல்கூட இருந்தது.

உடலை அறுத்தவர் ஒருவர், பார்த்துக் கீறியவர் இன்னொருவர், அதை மரக்கட்டையில் செதுக்கியவர் வேறொருவர் என்று மார்கரெட் சொன்னாள். யோகா வியந்துபோனாள். ஒரு கட்டடத்தை உள்ளபடி அளந்து கீறப் போகிறபோது, திட்டத்தில் இல்லாத ஒரு குழாய் குறுக்கே நிற்கும். யார் பார்க்கப்போகிறார்கள், விட்டுவிடு என்று கை சொல்லும். அந்த மூவரில் ஒருவர் அப்படி நினைத்திருந்தாலும் போதும், இந்தத் தசை தாளுக்கு வந்திராது. தங்கள் புத்தகங்களில் இல்லாத ஒன்றை, என்னவென்றே தெரியாத ஒன்றை, இவ்வளவு அழகாகக் கீறவேண்டுமென்று அவர்களுக்கு யார் சொன்னது?

"படத்தில நிக்கிற இந்த ஆளின்ர பேர் தெரியுமோ எண்டு கேளும்" என்றார் மகேந்திரராஜா.

யோகா கேட்டாள். தெரியாது, அக்காலத்தில் இப்படி அறுக்கக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மரணதண்டனை பெற்றவர்கள் என்றாள் மார்கரெட். யோகா மறுபடி உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"நீங்கள் வேணுமெண்டால் போய்க் கோப்பி குடியுங்கோ. நான் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கப்போறன்."

அவர் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "காட்டும் பாப்பம். கோடு எந்தப் பக்கமா ஓடுது எண்டனீர்?"