வெல்னூவ் தல வரலாறு

திருத்தணிச் சுற்றுவட்டாரத்தில் பக்தவச்சலம் தல வரலாறு எழுதாத கோயில் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் போன வருஷம் கட்டிய அம்மன் கோயிலாக இருந்தாலும், எட்டே பக்கத்தில் ஆயிரம் வருஷப் பழமையை ஏற்றிவிடுவார். தீர்த்தம், விருட்சம், மூர்த்தி, கடைசியில், படித்தால் கிடைக்கும் பலன். மலையடிவாரத்தில் இருக்கும் அவர் கடையில் அந்தப் புத்தகங்கள் கயிற்றில் வரிசையாகத் தொங்கும்.

இந்தத் தடவை வந்த வேலை கொஞ்சம் தூரத்து வேலை. அவர் மகன் வளவன் போலந்தில் வெல்னூவ் என்கிற சின்ன ஊரில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஃபேக்டரியில் இருக்கிறான். ஊருக்கு இருநூறு வயசாகிறதாம். அங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரவர் மொழியில் ஊர் வரலாறு போட வேண்டும் என்று நகராட்சி கேட்டிருக்கிறது. "உங்க நைனா தான் எழுதுவாரே" என்று நாற்பது தமிழர்களும் வளவன் தலையில் கட்டிவிட்டார்கள். நகராட்சி கொடுத்த ஊர் வரலாறு, கம்ப்யூட்டர் தமிழாக்கிய இருபது பக்கமாக வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது.

வளவனுக்கு மூன்று வருஷ ஒப்பந்தம். ஆவணியோடு முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவான் என்று பக்தவச்சலம் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் எப்போது கேட்டாலும் "பாக்கலாம் நைனா" என்கிறான். நாலு மாதமாக இதே பாட்டு.

புத்தகத்தில் கடைசியில் வரும் பலனை முதலிலும், முதலில் வரும் ஊர் பிறந்த கதையைக் கடைசியிலும் எழுதுவது அவர் வழக்கம். 'இதைப் படிப்போர்க்கும் கேட்போர்க்கும் தடைப்பட்ட உத்தியோகம் கைகூடும்' என்று முதலில் எழுதி முடித்தார். ஊரை ஒட்டி ஓடிய ஆறு தீர்த்தமானது. ஊரின் பழைய நெசவு மில் வாசலில் நின்ற லிண்டன் மரம் தல விருட்சம். மில் புகைபோக்கியை ராஜகோபுரம் என்று போடலாமா என்று யோசித்து, போட்டே விட்டார்.

நடுவில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஊரில் பாதிப் பேர் யூதர்கள். ஜெர்மன் சிப்பாய்கள் அவர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்று இருந்தது. தல வரலாற்றில் அசுரன் வந்தால் சாமி வந்து கொல்லும். இங்கே யாரும் வரவில்லை. இரண்டு நாள் பேனாவைத் தொடாமல் இருந்துவிட்டு, இருந்தது இருந்தபடியே எழுதினார். அப்புறம் மில் சர்க்கார் கைக்குப் போனது, பிறகு மூடினார்கள், வாலிபர்கள் வேறு தேசம் போனார்கள், தைக்க ஆள் இல்லாமல் நம் பையன்களைக் கூப்பிட்டார்கள்.

கடைசியாகப் பிறப்புக் கதை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன்காரப் பகுதியிலிருந்து முந்நூறு நெசவுக் குடும்பங்களை அழைத்து வந்தார்களாம். மூன்று வருஷம் வரி கிடையாது, பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்று பேச்சு. ஒருவரும் போகவில்லை. எல்லாரும் அங்கேயே புதைந்து கிடக்கிறார்கள்.

"அடப்பாவிங்களா!" என்றார் பக்தவச்சலம்.

"யாரைத் திட்டிகினு கீறீங்க?" என்று அவர் மனைவி மணியம்மை அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"நெசவுக்காரங்கள."

கோபம் கோபமாக வந்தது. பெத்தவர்கள் என்று அவர்களுக்கு யாருமே இல்லையா? பேனாவை எடுத்து எழுதினார்: 'மூன்றாம் ஆண்டு நிறைந்ததும் நெசவாளர் அனைவரும் தத்தம் தாய்தந்தையரிடம் திரும்பிச் சென்று இனிது வாழ்ந்தனர்.' அப்படியே மகனுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் வளவன் போன் செய்தான். "நல்லா கீது நைனா. ஆனா ஒரு தப்பு. அந்த நெசவுக்காரங்க யாரும் திரும்பிப் போவல."

"அப்படியா?"

"நான் அனுப்பினதுல தெளிவா போட்டிருந்திச்சே."

"போட்டிருந்திச்சு. படிச்சேன்."

"அப்புறம் ஏன் மாத்தின?"

"இத்தினி கோயிலுக்கு எழுதினேன். ஒருத்தனாவது உண்மையான்னு கேட்டானாடா?"

"இப்ப நான் கேக்கறேனே."

"சரி, நீயே சொல்லு வளவா. அப்படியே வுட்டுடவா, திருத்தவா?"

லைன் போய்விட்டதோ என்று பக்தவச்சலம் போனைப் பார்த்தார். போகவில்லை.

"திருத்திடு நைனா."

"ஆங்," என்று போனை வைத்தார். அந்த வரியை அடித்துவிட்டு 'ஒருவரும் திரும்பவில்லை' என்று எழுதினார்.

மணியம்மை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "புள்ளயா? எப்ப வரானாம்?"

"புஸ்தகத்துல ஒரு தப்பாம்," என்றார் அவர். "திருத்திட்டேன்."